கைகள் வளர்ந்தும் ஆடுசதை அசையவே இல்லை: உதவுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். எனக்கு வயது 26, உயரம் 174 செ.மீ., எடை 71 கிலோ. மூன்று ஆண்டுகளாக ஜிம்முக்குப் போகிறேன். புஜம் 37 செ.மீ. வந்துவிட்டது. ஆடுசதை மட்டும் சேர்ந்த நாளில் இருந்த 33.5-லேயே நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டவே தயக்கமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை, கால் பயிற்சியின் கடைசியில், உட்கார்ந்து குதிகாலை உயர்த்தும் மெஷினில் 40 கிலோ வைத்து 25 வீதம் 4 செட் செய்கிறேன். எரிச்சல் நன்றாகவே வருகிறது. அப்பாவுக்கும் மெலிந்த கால்கள்தான். பரம்பரை என்று விட்டுவிடுவதா?

பழைய இரும்பு:
விட்டுவிடாதீர்கள் தம்பி. ஆடுசதை என்பது ஒரே தசை அன்று. வெளியே திரண்டு தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது. அதனடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ்; அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. உட்கார்ந்து முழங்காலை மடக்கியதும் மேல்தசை தளர்ந்துபோய், வேலை பெரும்பாலும் சோலியஸிடம் போகிறது. மூன்று ஆண்டுகளாக நீங்கள் வளர்க்க நினைத்த தசைக்குச் சரியாக வேலையே கொடுக்கவில்லை.

2023-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். 14 பேர், 12 வாரம். ஒரே ஆளின் ஒரு காலுக்கு முழங்காலை நீட்டிய பயிற்சி, மறு காலுக்கு மடக்கிய பயிற்சி. நீட்டிய காலில் மேல்தசையின் வெளிப்பாதி 12.4 விழுக்காடும் உட்பாதி 9.2 விழுக்காடும் வளர்ந்தன. மடக்கிய காலில் முறையே 1.7, 0.6. சோலியஸ் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்ந்தது. ஆகவே நின்று செய்யுங்கள்.

ஒரு கேள்வி: குதிகால் கீழே வந்ததும் நிறுத்துகிறீர்களா, உடனே எழும்புகிறீர்களா?

வைகைக்கரை:
உடனே எழும்புவேன் அண்ணா. வேகமாகச் செய்தால்தான் 25 வருகிறது.

பழைய இரும்பு:
அங்கேதான் பாதிப் பயன் போகிறது. ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண் வில்லைப் போன்றது. இழுபட்டதும் அதுவே உங்களைத் திருப்பி எறிந்துவிடும். தசைக்கு மிச்சம் குறைவு. அரை அடி உயரக் கட்டையில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை முடிந்தவரை கீழே இறக்கி 2 நொடி நிறுத்துங்கள். பிறகு மெதுவாக எழும்புங்கள். கையில் ஒரு டம்பெல், ஒரு நேரத்தில் ஒரு கால். 10 முதல் 15 வரை, 4 செட், வாரம் மூன்று நாள், களைப்பு வருவதற்கு முன்பே, அன்றைய பயிற்சியின் தொடக்கத்தில். மேலே முழுதாக எழ முடியாமல் போனாலும் கவலைப்படாதீர்கள், கீழ்ப்பாதிதான் முக்கியம்.

முதல் வாரம் 2 செட்டோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் படி இறங்க முடியாது.

குன்றூர்க்காரி:
பரம்பரையை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். தசை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியில் அமைவது. சிலருக்குத் தசை மேலேயே முடிந்துவிடும். பயிற்சியால் தடிமன் கூடும், நீளம் கூடாது. அதனால் அடுத்தவர் காலோடு ஒப்பிடாமல், உங்கள் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். கழுத்து, புஜம், ஆடுசதை மூன்றும் ஒரே அளவு என்பது பழைய உடற்கட்டு வீரர் ஸ்டீவ் ரீவ்ஸ் காலத்து இலக்கணம். அழகான இலக்கணம்தான், ஆனால் அதற்காகக் கைப் பயிற்சியைக் குறைத்துவிடாதீர்கள். அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கருக்கே ஆடுசதை பின்தங்கியிருந்தது. கால்சட்டையைக் கத்தரித்து அந்தக் குறை எல்லோர் கண்ணிலும் படும்படி ஜிம்மில் நின்றார். நீங்களும் அரைக்கால்சட்டையில் போங்கள்.

காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்போ வலியோ இருந்தால் எடையைக் குறையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது பயிற்சி வலி என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வைகைக்கரை (14 வாரங்களுக்குப் பின்):
வலது 34.7, இடது 34.1. காலையில், ஒரே இடத்தில், நின்றபடி அளந்தேன். இரண்டு முறை அளந்தும் நம்ப முடியவில்லை. முதல் நாள் 10 கிலோ டம்பெல்லோடு 8 வந்தது. இப்போது 22 கிலோவோடு 12 வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இடதுகாலை எப்படி ஈடுகட்டுவது?

பழைய இரும்பு:
மிகுந்த மகிழ்ச்சி தம்பி. இடதில் தொடங்குங்கள். இடது 11 செய்தால் வலதும் 11 செய்து நிறுத்தட்டும், இன்னும் தெம்பு இருந்தாலும்.