செல்ஃப் பிரைமிங் பம்ப் நுரைத் தண்ணீரை எடுக்குமா, எடுக்காதா?

சாயத்தண்ணி:
திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கழிவுநீர் எல்லாம் கலந்து சீராகும் ஈக்வலைசேஷன் டேங்கிலிருந்து தண்ணீர் ஏற்ற முன்பு மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள சாதாரண பம்ப்) இருந்தது, பைப்பின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வில் பஞ்சு சிக்கி அதை இறக்கி ஏற்றியே இடுப்பு போனது. மூன்று மாதம் முன்னால், பைப்பில் உள்ள காற்றைத் தானே வெளியேற்றித் தண்ணீர் பிடிக்கும் செல்ஃப் பிரைமிங் பம்ப் போட்டோம். காலையில் அருமையாக எடுக்கிறது. பத்து மணிக்கு மேல் அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஆட ஆரம்பிக்கும், பத்து நிமிஷம் எடுக்கும், அப்புறம் வெறுமனே சுற்றும், கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடியும் பிடிக்கும். சக்‌ஷன் உயரம் (தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் வரை) 4.5 மீட்டர், தண்ணீர் சூடு 50 டிகிரி. விற்றவர் "காற்று வந்தாலும் கவலை இல்லைங்க" என்றுதான் சொன்னார்.

பழைய_பிட்டர்:
முதலில் சக்‌ஷன் பிளாஞ்ச் (பைப் இணைப்பு) எல்லாம் காற்று உள்ளே போகிறதா என்று பாருங்க. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காதீங்க, அந்தப் பக்கம் பம்ப் உள்ளே இழுக்கிறது, குமிழி எங்கே வரும்? கிரீஸை அப்புங்க, முள் ஆட்டம் நின்றால் ஓட்டை அங்கேதான்.

இம்பெல்லர்_கிறுக்கன்:
விற்றவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துத்தான் எல்லாரும் விற்கிறார்கள். 30 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) தரும் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றும் சக்கரம், வெறும் காற்றில் சுற்றினால் 4 சென்டிமீட்டர் தண்ணீரைக்கூடத் தூக்காது, ஏனென்றால் காற்றின் எடை தண்ணீரில் சுமார் 800-ல் ஒரு பங்கு. அதனால்தான் செல்ஃப் பிரைமிங் பம்பின் கேஸிங்கில் (வெளிக்கூட்டில்) எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இம்பெல்லர் அந்தத் தண்ணீரோடு சக்‌ஷன் பைப்பின் காற்றைக் கலக்கி மேல் அறைக்கு அடிக்கும், அங்கே காற்று பிரிந்து டெலிவரி வழியாகப் போய்விடும், தண்ணீர் மட்டும் ஒரு துளை வழியாகத் திரும்ப இம்பெல்லருக்கு வரும். பைப்பில் காற்று தீரும்வரை இதே சுற்றுதான்.

ஆனால் இது ஆரம்பிக்கும்போது காற்றை வெளியேற்றும் ஏற்பாடு. ஓடத் தொடங்கிய பிறகு அதுவும் சக்கரச் சுழற்சியில் தண்ணீரைத் தள்ளும் சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப்தான்: இரண்டு மூன்று சதவீதக் காற்றைச் சமாளிக்கும், அதற்கு மேல் போகப்போக ஹெட் விழுந்து இம்பெல்லர் கண்ணில் (தண்ணீர் நுழையும் நடு வாயில்) காற்று அடைத்துக்கொள்ளும். உங்கள் பம்ப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பது கோளாறு இல்லை, மறுபடி மறுபடி காற்றை வெளியேற்றிப் பிரைம் ஆகிறது.

ஒரு கேள்வி: பத்து மணிக்கு அங்கே என்ன நடக்கிறது? டேங்குக்குக் காற்று அடிக்கும் புளோயர் ஓடுகிறதா?

சாயத்தண்ணி:
ஆமாங்க, ஷிஃப்ட் ஆள் வந்து பத்து மணிக்குத்தான் புளோயர் போடுவார். சாயத் துணியைச் சோப்பில் அலசிய சோப்பிங் தண்ணீரும் அப்போதுதான் வரும். கிரீஸ் அப்பியும் முள் ஆடியது, புளோயரை நிறுத்தினேன், இரண்டே நிமிஷத்தில் முள் நின்றுவிட்டது!! புளோயர் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூஸர் ஒன்று சக்‌ஷன் பைப்புக்கு நேர் கீழே இருக்கிறது. இத்தனை நாள் பம்பைத் திட்டியிருக்கிறேன். ஆனால் குமிழி அப்படியொன்றும் நிறைய இல்லையே?

இம்பெல்லர்_கிறுக்கன்:
டேங்கில் பார்ப்பதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. குமிழி 4.5 மீட்டர் மேலே வரும்போது அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிறது, குமிழி இரண்டு மடங்காக வீங்குகிறது. கீழே 3 சதவீதம் என்றால் இம்பெல்லர் வாயில் 6-க்குக் கிட்ட. 50 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் வேறு ஒன்றேகால் மீட்டர் சக்‌ஷனைத் தின்றுவிடுகிறது. பைப்பை டிஃப்யூஸரிலிருந்து தள்ளி வைத்து நடுவில் ஒரு தடுப்பு போடுங்க. டெலிவரியில் என்ஆர்வி (தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) இருந்தால் அதற்கு முன்னால் சின்ன லைன் எடுத்து டேங்கிலேயே, நீர்மட்டத்துக்கு மேலே விடுங்க, இல்லாவிட்டால் பிரித்த காற்று போக வழியில்லாமல் கேஸிங் தண்ணீர் கொதித்து தண்டு வழியாக ஒழுகாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விடும்.

வால்வு_வாசு:
சைடு சேனல் பம்ப் போட்டால் 50 சதவீதக் காற்று வரை தாங்குமே?

பழைய_பிட்டர்:
தாங்கும் தம்பி, சுத்தமான தண்ணீரில். அதில் இம்பெல்லருக்கும் கேஸிங்குக்கும் இடைவெளி அவ்வளவு நெருக்கம், சாயப்பட்டறைப் பஞ்சு போனால் ஒரு வாரம் தாங்காது.

சாயத்தண்ணி:
ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கிப் பைப்பை மாற்றுகிறோம். அந்த ஏர் லைன் முக்கால் இன்ச் போதுமா, ஒரு இன்ச் வேண்டுமா?

இம்பெல்லர்_கிறுக்கன்:
ஒரு இன்ச்சே போடுங்க, பஞ்சு இருக்கிறதே.