புதுப்பிப்பு: வாளிக்குப் போன கீரை

போன தவணை இங்கே புலம்பியிருந்தேன்: திருகோணமலையில் மகள் படிக்கும் பாடசாலையில் சாப்பாட்டோடு தரும் கீரையை அரைவாசிப் பிள்ளைகள் வாளியில் கொட்டுகிறார்கள் என்று. சமைப்பவர்களைத்தான் குறை சொன்னேன். அது என் பிழை.

ஒரு நாள் விடியக்காலை சமையல் முறை வந்த அம்மாக்களோடு நானும் நின்றேன். கீரையை முதலில் அவித்து மூடி வைத்தால், பரிமாறும்போது கறுத்துச் சேறாகிவிடுகிறது. யார் தின்பார்கள்? இப்போது வல்லாரையை நன்றாகக் கழுவி, பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்து சம்பலாகத் தருகிறார்கள். தேசிப்புளியிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும். கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்தப் பலன் குறையும். அதனால் மகளின் போத்தலில் இப்போது தண்ணீர்தான். (அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.)

நெத்தலிக் கருவாடு சேர்க்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முள்ளோடு தின்பதால் கல்சியம் கிடைக்கும், சரிதான். உப்பையும் ஊறவைத்துக் கழுவிக் குறைக்கலாம். விலைதான் இடிக்கிறது.

வாளி இன்னும் காலியாகவில்லை. முருங்கையிலை நாளில் பழைய கதைதான்.