கஞ்சன் என்றால் யார்? திருப்பாவையில் வருகிற கஞ்சனும் அதே ஆளா?

வெள்ளவத்தை அம்மா:
மார்கழியில் கோயிலுக்குப் போனபோது "கஞ்சன் வயிற்றில் நெருப்பென்ன நின்ற நெடுமாலே" என்று பாடினார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. உடனே என் காதில், "அம்மா, காசு குடுக்காத ஆளுக்கு ஏன் வயிற்றில் நெருப்பு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவள் தன் அப்பாவையும் கஞ்சன் என்றுதான் சொல்கிறாள், அதுதான் எனக்கு மனவருத்தம். அவர் திரீவீலர் பிடிக்க மாட்டார், வெங்காயம் பருப்பு வாங்க 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவுக்குப் போவார், ஒவ்வொரு ரூபாயையும் சீஆர் கொப்பியில் எழுதுவார். ஆனால் தன் அக்கா மகனின் ரியூஷன் காசை ஒரு மாதம்கூடப் பிந்திக் கொடுத்ததில்லை. இவரைக் கஞ்சன் என்பது சரியா?

தமிழ் வாத்தியார்:
அது வேறு கஞ்சன், தங்கச்சி. கண்ணனின் மாமன் கம்சனைத்தான் ஆண்டாள் தமிழ் ஓசைக்கு ஏற்பக் கஞ்சன் என்கிறாள். "ஒருத்தி மகனாய்ப் பிறந்து" என்று தொடங்கும் 25ஆவது பாசுரம் அது. குழந்தையைக் கொல்ல நினைத்தவனுக்குப் பயமே வயிற்றில் நெருப்பாக நின்றது. காசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மகள் கேட்டது நல்ல கேள்வி, பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை:
எங்கள் ஆச்சி யாழ்ப்பாணம், அவர் வாயில் கஞ்சன் வராது. "கசவாரம்" என்பார், கோபம் என்றால் "நப்பி". "எச்சில் கையால காகம் கலைக்காதவன்" என்பது அதற்கும் மேலே, கையில் ஒட்டியிருக்கிற சோற்றுப் பருக்கை காகத்துக்குப் போய்விடுமாம், அதனால் கையை வீசமாட்டானாம். இந்த மூன்றையும் ஆச்சி கொடுக்காதவனுக்குத்தான் சொன்னார், பார்த்துச் செலவழிப்பவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. உலோபி என்பதையும் பாருங்கள். வடமொழியில் லோபம் என்றால் பேராசை, தமிழில் அது கைவிட்டுக் கொடுக்காதவன் ஆகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர்களும் அப்படிப்பட்டவனை லோபயா என்றுதான் சொல்கிறார்கள்.

தமிழ் வாத்தியார்:
கொட்டாஞ்சேனை சொன்னதுதான் சரியான இடம். குறளில் இதற்கு இவறல் என்று ஒரு சொல் இருக்கிறது. குற்றங்கடிதல் அதிகாரத்தில், 432ஆம் குறளில், அரசனுக்கு ஆகாத குற்றங்களைச் சொல்லும்போது முதலில் வருவதே இவறல். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் இருப்பது என்று உரை சொல்கிறது. வேண்டிய இடத்தில் என்பதைக் கவனியுங்கள், தங்கச்சி. உங்கள் வீட்டுக்காரர் திரீவீலருக்குக் கொடுக்கவில்லை, பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கிறார். அது சிக்கனம். 2022இல் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற ஊரில் இருந்துகொண்டு அவரைக் கஞ்சன் என்றால் அது பெரிய அநியாயம்.

வெள்ளவத்தை அம்மா:
நன்றி ஐயா, நன்றி கொட்டாஞ்சேனை. கம்சன் கதையை நேற்று இரவே சொன்னேன். அப்புறம் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் வரியில் "தம்பிக்கு ரியூஷன்" என்று இருப்பதைக் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். நான் ஹட்டன் பக்கம், நப்பி என்ற சொல்லை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பெண்களுக்கும் அதே சொல்தானா?