குணம் என்று நிலையாக ஒன்று இருக்கிறதா, இல்லை எல்லாம் சூழல்தானா?

சந்தேகப்பிராணி கேட்டது:

நல்லவர், நேர்மையானவர், இரக்கமுள்ளவர் என்று ஆட்களுக்குப் பட்டம் கட்டிக்கொண்டே இருக்கிறோமே, அதற்கு ஏதாவது அடிப்படை உண்டா? டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து இதே யோசனை. பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை, இன்னொரு கட்டடத்தில் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொல்லி அனுப்புகிறார்கள். போகிற வழியில் ஒருவர் வாசலில் சாய்ந்து கிடந்து இருமி முனகுகிறார் (ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள், மாணவர்களுக்குத் தெரியாது). நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். ஒரு பகுதியினர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் கதை! அதுவும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் மாற்றவில்லை.

கொஞ்ச நேர அவசரத்தில் காணாமல் போகிறது என்றால் அதற்கு இரக்க குணம் என்று பெயர் வைப்பானேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திட்டினாலும் சரி.

கத்தரிவெயில்:

பட்டம் கட்டுவது நம் வசதிக்காகத்தான். இது 1973-இல் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1920-களிலேயே ஹார்ட்ஷோர்ன், மே இருவரும் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பியடிக்க ஒரு வாய்ப்பு, விளையாட்டில் ஏமாற்ற ஒரு வாய்ப்பு, காசை எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, பொய் சொல்ல ஒரு வாய்ப்பு. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த குழந்தை இன்னோரிடத்திலும் நேர்மையாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, ஒட்டுறவுக் கெழு (இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.2-ஐ ஒட்டித்தான் வந்தது. 1968-இல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, குணத்தை வைத்து ஒருவரின் நடத்தையைக் கணித்தால் கெழு 0.3-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்றார். பிறகு கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் போன்ற தத்துவக்காரர்கள் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அரிஸ்டாட்டில் சொன்ன மாதிரி எங்கும் மாறாத நற்குணம் மனிதர்களிடம் இருப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். இன்றுவரை திருப்தியான பதிலை நான் பார்க்கவில்லை.

பழைய மாணவி:

கத்தரிவெயில் சொன்ன எண்கள் சரி, அதிலிருந்து தாவிய தாவல்தான் அதிகம். 0.3 என்றால் ஒன்றுமில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் ஃபண்டர், ஓசர் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள்: சூழலின் வலிமைக்குச் சாட்சியாகக் காட்டப்படும் பிரபல ஆய்வுகளையே எடுத்து, அவசரம் போன்ற சூழல் காரணிகளின் விளைவையும் அதே கெழுவாக மாற்றிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 0.4 வந்தது, அவ்வளவுதான். குணம் பலவீனமானது என்றால் சூழலும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பலவீனமானதுதான்!

அப்புறம், ஒரே ஒரு செயலை வைத்து ஆளை எடைபோடுவது ஒரே ஒரு பந்தை வைத்து மட்டையாளரை எடைபோடுவது போல. 1979-இல் சீமோர் எப்ஸ்டீன் பல நாள் நடத்தையைச் சேர்த்துச் சராசரி எடுத்துக் காட்டினார், சேர்க்கச் சேர்க்க ஒருவரின் சீர்மை நன்றாகவே தெரிகிறது. வில்லியம் ஃப்ளீசனின் ஆய்வு (2001) இன்னும் சுவையானது. ஒரே ஆள் ஒரே வாரத்துக்குள் கலகலப்பாகவும் இருக்கிறார், உம்மென்றும் இருக்கிறார், அந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. ஆனால் அவருடைய வாரச் சராசரியை அடுத்த வாரத்தோடு ஒப்பிட்டால் அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய உண்மைதான், ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை. இத்தனை வருடம் இதை ஒரு குஸ்திபோல நடத்தியதே எனக்கு எரிச்சல்.

இதில் வேடிக்கை, மிஷெலே குணத்தைக் குப்பையில் போடவில்லை. ஷோடா என்ற இன்னொரு உளவியலாளரோடு சேர்ந்து கோடை முகாம் ஒன்றில் சிறுவர்களைக் கவனித்தார். சக பையன் சீண்டினால் சீறுகிற ஒருவன் பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடுகிறான், இன்னொருவன் நேர் எதிர். இருவரையும் முரடன் என்ற ஒரே சொல்லில் அடைத்தால் ஒன்றும் புரியாது. எது நடந்தால் இவன் என்ன செய்வான் என்று பார்த்தால் அந்த அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, அந்தந்த ஆளிடம் நிலையானது.

ஒற்றன்:

சூழல் கட்சியின் சாட்சிகளையும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யுங்கள். பிரின்ஸ்டன் ஆய்வில் மொத்தமே 40 பேர், அதையும் மூன்றாகப் பிரித்தார்கள். தொலைபேசிக் கூண்டில் ஒரு நாணயம் கிடைத்தவர்கள் உடனே உதவிக்கு ஓடினார்கள் என்ற 1972 ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படிக் கடுமையாக இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்தது ஆவணங்களோடு வெளியாகிவிட்டது, அதை இன்னும் யாராவது மேற்கோள் காட்டினால் நான் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவேன்.

சந்தேகப்பிராணி:

பழைய மாணவிக்கு நன்றி, சராசரி விஷயம் புரிகிறது. ஆனால் கலகலப்பு வேறு, அறம் வேறு இல்லையா? உம்மென்று இருந்த நாளையும் கலகலப்பான நாளையும் கூட்டி வகுக்கலாம். நூறு நாள் யோக்கியமாக இருந்துவிட்டு ஒருநாள் பெரிய துரோகம் செய்தவருக்குச் சராசரி எடுத்து என்ன செய்வது? ஆய்வாளர் சொல்வதைக் கேட்டு இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்த மில்கிராம் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அவர்களும் மற்ற நாளெல்லாம் சாதாரண மனிதர்கள்தானே.

கத்தரிவெயில்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சராசரி எல்லாம் சாதாரண நாட்களுக்குத்தான், நமக்குப் பயம் வேண்டியது அந்த ஒரு நாளைப் பற்றி. முகாம் பையன்கள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் பண விஷயத்தில் சுத்தம் என்றால் நம்புவேன், அதை வைத்து ஆளே சுத்தம் என்றால் நம்ப மாட்டேன்.

பழைய மாணவி:

துரோகத்துக்குச் சராசரி எடுக்க முடியாது, சரிதான், அந்த இடத்தில் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மில்கிராமின் 26-ஐ எல்லோரும் சொல்கிறார்கள், பாதியில் எழுந்துவிட்ட 14 பேரை யாரும் கேட்பதில்லை. அதே அறை, அதே அதட்டல், அவர்கள் நிறுத்தினார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மாட்டோம் என்று எழுந்துகொண்டபோது, கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேர்தான். ஆகவே சூழல் பலமானது என்பதில் சண்டை இல்லை, அதைச் சூழல் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் பிடிக்கவில்லை. முதலில் எழுந்த அந்த இரண்டு பேர் அங்கே ஆய்வாளர் ஏற்பாடு செய்தவர்கள். சோதனைக்கு வெளியே அப்படி முதலில் எழுந்துகொள்பவர் யார், அவர் ஏன் எழுந்தார் என்று கேட்டால் நீங்கள் மறுபடி குணத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.