‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர்’: பெயர்ச்சியா, நகர்வா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர்’ என்பது, வரிசையாக உள்ள அறைகளில் பிட்களை (0 அல்லது 1 என்னும் மதிப்புகளை) வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தும் மின்னணுச் சுற்று. இதற்குத் தமிழில் ‘பெயர்ச்சிப் பதிவகம்’ என்று நம் கலந்துரையாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்; அழகான சொல்தான். குருப்பெயர்ச்சியில் கோள் வீடு மாறுவது போல, ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் (சுற்றைச் சீராக இயக்கும் மின்துடிப்புக்கும்) ஒவ்வொரு பிட்டும் அடுத்த அறைக்குப் போகிறது; பொருளில் குறையில்லை. ஆனால் சில்லை வைத்துக்கொண்டு நிரல் எழுத உட்கார்ந்தால் இச்சொல் வினையாக வளைந்து கொடுப்பதில்லை என்பதே என் தடை.

74எச்.சி.165 என்னும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பொத்தான்களின் நிலையை நுண்கட்டுப்படுத்தியின் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லின்) மூன்றே முனைகளால் படிக்க உதவும் சில்லு இது. இதன் 1ஆம் முனையைத் தாழ்நிலைக்கு (0 நிலைக்கு) கொண்டுவந்தால் எட்டு உள்ளீடுகளும் ஒருசேர உள்ளே ஏறுகின்றன. அதை உயர்நிலைக்கு (1 நிலைக்கு) திருப்பியதும் ஏறியவை அப்படியே நின்றுவிடுகின்றன. அப்போதே, துடிப்பு ஒன்றுகூடக் கொடுக்காத நிலையில், எட்டாவது உள்ளீட்டின் பிட் 9ஆம் முனையில் வந்து நிற்கிறது. ஆகவே முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் நகர்த்த வேண்டும். ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையின் நிரல்மொழியில் பிட்களைப் படிக்க உதவும் ஷிஃப்ட்இன் செயற்கூறோ, துடிப்பு தரும் கடிகார முனையை உயர்த்திய பின்னரே படிக்கிறது என்பதால், அம்முனை தாழ்நிலையில் இருக்கும்போது அதை அழைத்தால் முதல் பிட் கைநழுவிப் போகும். அழைப்பதற்கு முன்பே அம்முனையை உயர்த்தி வைத்துவிட்டால் அந்த முதல் ஏறுவிளிம்பு (தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் கணம்; பிட்கள் நகர்வது அப்போதுதான்) உண்டாகாது. எட்டும் ஒழுங்காக வந்து சேரும்.

மேலே ‘நகர்த்த வேண்டும்’ என்ற இடத்தில் ‘பெயர்க்க வேண்டும்’ என்று போட்டுப் பாருங்கள்: எதையோ பிடுங்கி எடுக்கச் சொல்வதாகவே படிப்பவர் கொள்வார். ‘நகர்’ என்னும் வேரிலோ நகர்த்து, நகர்வு, நகர்வுத் துடிப்பு, வலநகர்வு, இடநகர்வு என எல்லாம் சிக்கலின்றிக் கிடைக்கின்றன. சுருக்கம் கருதி வினைத்தொகையாக ‘நகர்பதிவகம்’ என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். யாராவது இடையில் ஒரு ‘ப்’ சேர்த்துவிட்டால் அது நகராட்சி அலுவலகமாகிவிடும். ‘பெயர்பதிவகம்’ என்றாலும் இதே கதிதான்: ‘ப்’ சேர்ந்தால் பெயர்களைப் பதியும் இடமாகிவிடும். எனவே ‘நகர்வுப் பதிவகம்’ என்றே முழுமையாக எழுதலாம்.

‘லேட்ச்’ பற்றியும் ஒரு சொல். 165இன் 1ஆம் முனையையும், வெளியீட்டுக்குப் பயன்படும் மற்றொரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லான 74எச்.சி.595இன் 12ஆம் முனையையும் பலர் இப்பெயராலேயே அழைக்கிறார்கள். முன்னது வெளியிலிருந்து மதிப்புகளை உள்ளே ஏற்றுவது. பின்னதோ உள்ளே நகர்ந்து முடிந்தவற்றை வெளியீட்டுப் பதிவகத்துக்கு மாற்றிப் பிடித்து வைப்பது. இரண்டையும் ‘தாழ்’ (தாழ்ப்பாள் என்ற பொருளில்) என்று ஒரே சொல்லால் குறித்தால் மின்சுற்று வரைபடத்தில் குழப்பமே மிஞ்சும். முன்னதை ‘ஏற்று முனை’ என்றும், பின்னதை மட்டும் ‘தாழ் முனை’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் பரிந்துரை.