மறு: ஃப்ளட்ப்ளெயின் – வெள்ளச் சமவெளியா, படுகையா?

எல்லாருக்கும் வணக்கம். வேலை ஜாஸ்தி, இழைய இப்பதான் முழுசா படிச்சேன். வெள்ளம் வந்தா முங்குற ஆத்தோர நெலத்த இங்கிலீஷ்ல ஃப்ளட்ப்ளெயின்னு சொல்றாங்களே, அதுக்கு தமிழ்ல எந்தச் சொல்ல வெக்கலாம்ங்குறதுதான் கேள்வி. என் ஓட்டு படுகைக்கு.

வெள்ளச் சமவெளி பாடப்புத்தகத்துலயே இருக்கு, அத ஏன் மாத்தணும்னு இழைல ஒரு ஐயா கேக்குறது புரியுது. ஆனா பரீட்சை எழுதுற புள்ளைங்க தவிர அந்த வார்த்தைய யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. சமவெளின்னா நமக்கு கங்கைச் சமவெளிதான் கண்ணு முன்னாடி வருது, ஆத்துக்கும் கரைக்கும் நடுவுல கெடக்குற நெலம் வரல.

எங்க அம்மா ஊரு கொள்ளிடக்கரை. கரைக்கு உள்பக்கம் ஆத்தப் பாத்தாப்ல இருக்குற நெலத்துக்கு அங்க பேரு படுகை. "படுகைல வாழ போட்டிருக்கு", "படுகைக்கு தண்ணி ஏறிருச்சு", இப்படித்தான் பேசுவாங்க. நாதல்படுகைன்னு ஊரே இருக்கு, கொள்ளிடம் பெருகுனா பேப்பர்ல அந்த பேரு வந்துரும். 2022 ஆகஸ்ட்ல கிட்டத்தட்ட 2 லட்சம் கன அடி போனப்ப மாமா ஆட்டையெல்லாம் கரை மேல ஓட்டிட்டு வந்து தார்ப்பாய் கட்டி அங்கயே கெடந்தாரு. வடிஞ்சப்புறம் போய் பாத்தா மோட்டார் கொட்டாய் சுவத்துல இடுப்பு உசரத்துக்கு சேத்துக் கோடு, வாழ பூரா படுத்துருச்சு, மனுசன் குனிஞ்சு ஒரு கை மண்ண அள்ளிப் பாத்துட்டு "நல்லா எக்கல் ஏறியிருக்குடா"ங்குறாரு. எக்கல்னா வெள்ளம் விட்டுட்டுப் போற வண்டல். நட்டமும் அதே தண்ணி, எருவும் அதே தண்ணி. இந்த ரெண்டும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள இருக்கு, அதுக்குப் பதிலா "வெள்ள அபாயப் பகுதி"ன்னு போட்டா அதுல பாதிதான் இருக்கு, பழிய வேற நெலத்து மேல போடுது.

படுகைன்னா பேசின் (ஒரு ஆத்துக்கு தண்ணி வடிஞ்சு வர்ற மொத்த நெலம்) ஆச்சே, காவிரிப் படுகைன்னு எழுதுறோமேன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. ஆனா பேசினுக்கு வடிநிலம் இருக்கே, நீர்வளத்துறை ஆபீஸ் போர்டுலயே காவிரி வடிநிலக் கோட்டம்னு எழுதியிருக்கும். அத அதுக்கு விட்டுட்டு படுகைய ஆத்தோரத்துக்கே திருப்பிக் குடுத்துரலாம், குழப்பம் வர்ற எடத்துல மட்டும் வெள்ளப்படுகைன்னு போட்டுக்கலாம். (இலங்கைல மட்டக்களப்பு பக்கம் இருக்குற படுவான்கரைல வர்ற படு வேற, அது பொழுது படுற கரை, ரெண்டையும் முடிச்சு போட வேணாம்.)

சதுப்பு நிலம்னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு, அதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். பள்ளிக்கரணை சதுப்பு, கால வெச்சா பொதக்குனு உள்ள போகும், அங்க கூட வீடு கட்டுனாங்கங்குறது வேற கதை. படுகை வருசத்துல முக்கால்வாசி நாள் காஞ்சு கெடக்கும், கிரிக்கெட் ஆடலாம். ஆபத்தே அந்தக் காஞ்ச நாள்லதான். அடையாத்தோரம் முடிச்சூர் பக்கம் நான் மனை பாக்கப் போனப்போ மே மாசம், தரை பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு, தரகர் ஷூ காலால தட்டி "கட்டாந்தரை சார்"னாரு. காசு பத்தாம வாங்கல. 2015 டிசம்பர்ல டிவில பாத்தா அந்த ஏரியாவுல போட் ஓடுது. மண்ணக் கொட்டி மனைய ஒசத்துனா மட்டும் என்ன, ஆறு பரவி மெதுவா போக வேண்டிய எடம் கொறஞ்சு அந்தத் தண்ணி அடுத்த தெருவுலயும் கீழ இருக்குற ஊர்லயும்தான் ஏறும்.

இலங்கை நண்பர் சொன்ன வில்லு அருமையான சொல்லு, மகாவலி ஓரத்துல மழைக்கு நெறஞ்சு வெயிலுக்கு வத்தி புல்லா முளைச்சு மாடும் யானையும் மேயுற பள்ளத்துக்கு. ஆனா அது படுகைக்குள்ள இருக்குற ஒரு எடம், மொத்தத்துக்கும் ஆகாது. தனிப் பதிவா போடுங்க.

ஃப்ளட்வேக்கு இன்னும் ஒண்ணும் தோணல. வெள்ளம் வேகமா இழுத்துட்டுப் போற நடுப்பகுதிக்கு என்ன பேருன்னு மாமாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். "அது ஆறுதான்டா, அதுக்கு வேற பேரு எதுக்கு"ன்னு வெச்சுட்டாரு.