காலையில் அறுத்த இறைச்சி மதியமும் நல்லதா?

உப்புவெளிக்காரி:
திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மதியத்துக்கு முன்பே வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் இறைச்சியைத் திறந்தபடி தொங்கவிட்டு விற்கிறார்கள். சல்மொனெல்லாவும் ஈ.கோலையும் விலங்கின் குடலில் இருக்கிற கிருமிகள். குடல் கிழிந்தால் இறைச்சியில் ஒட்டும், வசதியான சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரட்டிக்கும். ஐஸ் இல்லாத விற்பனையை உள்ளூராட்சிச் சபை நிறுத்த வேண்டும்.

மூதூரான்:
அக்கா, இது அன்றைக்கு அறுத்து அன்றைக்கே தீர்கிற இறைச்சி. சுப்பர் மார்க்கெட் கோழி சுத்தமா? உறைய வைத்தால் சல்மொனெல்லா முழுதாகச் சாகாது. நாங்கள் தூள் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே சாப்பிடுகிறோம்?

உப்புவெளிக்காரி:
உறைந்த கோழி பற்றிச் சொன்னது சரி தம்பி. ஆனால் குளொஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் தப்பும். கறியைச் சட்டியோடு இரவு முழுக்க வெளியில் வைத்தால் அவை முளைத்துப் பெருகும். அப்புறம், கறி கொதிக்கும், சலட் கொதிக்குமா? கோழி வெட்டிய கத்தியாலேயே வெங்காயம் வெட்டுகிற வீடுகள் எத்தனை!

கடைக்காரர் மகன்:
எங்கள் அப்பா இறைச்சிக்கடை வைத்திருந்தவர். மரக்குற்றியைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருக்கும், வெட்டுகளுக்குள் கொழுப்பு இறுகியிருக்கும். பின்னேரம் உப்புப் போட்டுச் சுரண்டினாலும் உள்ளே போனது வராது. ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி. அதே துணியால் கத்தியும் கையும் தராசும் துடைப்பார்கள், அதே கையால் காசும் வாங்குவார்கள். எனக்கு ஐஸை விட இதுதான் பயம். சும்மா ஐஸைக் கொட்டினால் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறி வெளுக்கும். பழசு என்று சொல்லி ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

மூதூரான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், வாங்குகிற நாங்களும் பிழைதான். போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு இறைச்சிக்கடை பூட்டு என்று முதல் நாளே வாங்கி, சொப்பிங் பையை மோட்டார்சைக்கிளில் கொழுவிக்கொண்டு வெயிலில் ஊர் சுற்றுகிறோம்.

உப்புவெளிக்காரி:
சரி, அப்படியென்றால் ஐஸ் வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் ஓடுகிற குழாய்த் தண்ணீர், கழுவக்கூடிய வெட்டுப்பலகை, கண்ணாடி போட்ட குளிர்பெட்டி. கட்டடம் சபையுடையது என்றால் சபையே செய்து கொடுக்கட்டும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்டம் எழுதுவதோடு வேலை முடியாது.

கடைக்காரர் மகன்:
குழாயும் பலகையும் நாளைக்கே வரட்டும், கை தட்டுவேன். குளிர்பெட்டியின் கரண்ட் பில்லை யார் கட்டுவது? அது கிலோ விலையில் ஏறினால், கால் கிலோ வாங்குகிற சனம் என்ன செய்யும்? அதற்குப் பதில் சொல்லுங்கள் அக்கா.